ஏரிப் பாதை இறக்கத்தில் நடந்தது

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். என் அண்ணிக்கு நடந்தது. அவர் சொன்னதை, நேரம் உட்பட, அப்படியே எழுதுகிறேன். அவ்வளவு துல்லியமாக நேரம் எப்படி ஞாபகம் இருக்கும் என்று கேட்பீர்கள். அண்ணி ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுப்பவர். எதைச் செய்தாலும் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்ப்பது அவருக்குப் பழகிப்போனது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிப்பார். "மனுஷனுக்குள்ள என்ன இருக்குன்னு தினமும் நாப்பது பேருக்குப் பார்க்கிறேன். எலும்புதான் இருக்கு" என்பார்.

இப்போது சிரிப்பதில்லை.

அவர்கள் மகள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. மகள் வீட்டில் இருப்பது ஒரே அறை. போய் எங்கே தங்குவது? அதற்காகத்தான் அண்ணன் பழைய கேரவன் ஒன்று வாங்கினார். சினிமாக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி பெரியது இல்லை. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் குட்டி வீடு. மடக்குக் கட்டில், ஒரு அடுப்பு, முன்பக்கம் அகலமான ஜன்னல். அதை மகள் வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டு மூன்று மாதம் இருந்துவிடலாம் என்பது திட்டம்.

அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதனால் ஓட்டுவது அண்ணி. டாக்டர் வண்டி ஓட்டத்தான் கூடாது என்றார், பேசக் கூடாது என்று சொல்லவில்லை. கிளம்பியதிலிருந்து அண்ணன் பேசிக்கொண்டேதான் வந்தார்.

மலையடிவாரத்து பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியபோது பிற்பகல் மூன்று இருபது. அங்கேதான் சண்டை முற்றியது. மலையைக் கடக்க இரண்டு வழி. கணவாய்ப் பாதை முப்பத்தெட்டு கிலோமீட்டர், செங்குத்தான ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள். ஏரிப் பாதை சுற்று வழி, நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், சாய்வு கம்மி.

"ரெண்டு மணி நேரத்துல போறதை விட்டுட்டு ஊரெல்லாம் சுத்துவாங்களா?" என்றார் அண்ணன்.

"பின்னாடி ஒரு வீட்டையே கட்டி இழுக்கிறோம். நீங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு சும்மா உட்காருங்க."

பங்க் ஓரத்தில் ஒரு பலகை. இழுவை வண்டி ஓட்டுபவர்கள் பாதை விவரம் கேட்க இந்த எண்ணைக் கூப்பிடவும் என்று எழுதியிருந்தது. அண்ணி காரிலிருந்து இறங்கிப் போய், பலகைக்குக் கீழே நின்று கூப்பிட்டார்.

எடுத்தவர் ஒரு ஆண். கரகரத்த குரல். பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். கேரவன் எவ்வளவு நீளம்? எவ்வளவு எடை? டயரில் காற்று பார்த்தீர்களா? கேரவனுக்குத் தனி பிரேக் உண்டா? அண்ணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"கணவாய் வேண்டாம்மா. ஏரிப் பாதையிலேயே போங்க. கனமான சாமானெல்லாம் சக்கரத்துக்கு மேல, தரையோட தரையா வைங்க. வால் கனத்தா வண்டி ஆடும். அப்படி ஆடினா கார் பிரேக்கைத் தொடாதீங்க. ஸ்டியரிங் பக்கத்துல இருக்கிற கேரவன் பிரேக்கை மட்டும் கையால லேசா அழுத்துங்க. இறக்கத்துல ரெண்டாவது கியர்."

"சரிங்க."

"எத்தனை பேர் போறீங்க?"

"ரெண்டு பேர்."

காகிதம் சரசரக்கும் சத்தம்.

"மூணு இல்லையா?"

"இல்லைங்க. நானும் என் வீட்டுக்காரரும்தான்."

"ஓ... சரிம்மா. ரெண்டுன்னே எழுதிக்கிறேன்."

லைன் கட்டானது. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாமான்களை அவர் சொன்னபடி மாற்றி வைத்தார். கட்டிலை மடக்கிக் கொக்கி போட்டார். முன் ஜன்னல் திரையை இழுத்துக் கட்டினார். கதவைப் பூட்டிச் சாவியைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். மூன்று ஐம்பதுக்குக் கிளம்பினார்கள்.

முதல் அரை மணி நேரம் ஒரு குறையும் இல்லை. நல்ல ரோடு. அண்ணன் கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, பிறக்கப்போவது பேரனா பேத்தியா என்று ஆரம்பித்திருந்தார். பிறகு பனிமூட்டம் இறங்கியது. ஏரி இருக்கும் பக்கமே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று சுவர் வைத்த மாதிரி.

நான்கு இருபத்தைந்துக்குக் கேரவன் முதல் தடவை ஆடியது.

காற்று இல்லை. ரோட்டில் பள்ளம் இல்லை. ஆனால் யாரோ வாலைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிய மாதிரி. அண்ணி ஓரம் கட்டினார். கொக்கி சரியாக இருந்தது. சங்கிலி, டயர் எல்லாம் சரி. கதவும் பூட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தார்.

கட்டில் விரிந்திருந்தது.

அந்தக் கொக்கி லேசில் கழலாது. பெருவிரலால் அழுத்திக்கொண்டே தூக்க வேண்டும். மெத்தையில் நடுவில் நீளமாக ஒரு பள்ளம். ஒருக்களித்துப் படுத்தால் விழுமே, அந்த மாதிரி.

எட்டிப் பார்த்த அண்ணன், "நாம போட்ட சண்டையில அதுக்கே அசதி வந்து படுத்துடுச்சு போல" என்றார்.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளத்தின் மேல் கை வைத்துப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் ஜில்லென்று இருந்தது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லை.

அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. கட்டிலை மடக்கினார். கொக்கி போட்டார். பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

நான்கு ஐம்பதுக்குப் போன் அடித்தது. பெட்ரோல் பங்க் பலகையில் இருந்த அதே எண். அண்ணன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"பின்னாடி இருக்கிறவங்களை நடக்க வேண்டாம்னு சொல்லுங்கம்மா."

அதே கரகரத்த குரல்.

"பின்னாடி யாரும் இல்லைங்க."

"எடை பின்னால போகுது. அப்புறம் முன்னால வருது. இன்னும் ஒன்பது நிமிஷத்துல இறக்கம் வந்துடும். உட்காரச் சொல்லுங்க."

"யாருங்க? யாரைச் சொல்றீங்க?"

காகிதம் சரசரத்தது. அவ்வளவுதான். லைன் போய்விட்டது.

அண்ணன் திருப்பிக் கூப்பிட்டார். சிக்னல் இல்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தார். கிளம்பியதிலிருந்து அவர் வாய் மூடியது அப்போதுதான்.

அந்த அமைதியில்தான் கேட்டது.

டக்... டக்... டக்... டக்...

கேரவனின் பின் மூலையிலிருந்து முன்பக்கம் வரை. ஒரு நிமிஷம் நின்றது. பிறகு முன்னாலிருந்து பின்னால்.

டக்... டக்... டக்... டக்...

ஒவ்வொரு சத்தத்துக்கும் ஸ்டியரிங் அண்ணியின் கைக்குள் லேசாக நெளிந்தது.

"ஏங்க... உங்களுக்குக் கேட்குதா?"

"ஓட்டு. நிறுத்தாதே."

நிறுத்தவும் இடமில்லை. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் தடுப்புக் கம்பி, அதற்கு அப்பால் வெறும் வெள்ளை.

நான்கு ஐம்பத்தொன்பது. இறக்கம்.

இரண்டாவது கியர். வேகம் இருபத்தைந்து. அண்ணி பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தார்.

கேரவனின் முன் ஜன்னல். கட்டியிருந்த திரை விலகியிருந்தது.

ஜன்னல் முழுக்க உள்பக்கமாக ஆவி படர்ந்திருந்தது. அதை ஒரு உள்ளங்கை துடைத்துக்கொண்டிருந்தது.

துடைத்தது. ஆவி படர்ந்தது. மறுபடி துடைத்தது.

கை மட்டும்தான் தெரிந்தது.

ஆட்டம் கூடியது. கேரவன் இடப்பக்கம் இழுத்தது... வலப்பக்கம் இழுத்தது. காரின் பின்பாகம் அதோடு சேர்ந்து வழுக்கியது. தடுப்புக் கம்பி ஒரு முழத் தூரத்தில் வந்து போனது.

"பிரேக்கைப் போடு!" அண்ணன் கத்தினார்.

அண்ணி கார் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, கேரவன் பிரேக்கைக் கையால் அழுத்தினார். கொஞ்சம் அடங்கியது.

உடனே...

டக். டக். டக். டக்.

இப்போது நடை இல்லை. ஓட்டம்.

வண்டி மறுபடி வீசியது. இன்னொரு தடவை வீசினால் கம்பியைத் தாண்டிவிடும் என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. மகள் முகம்தான் கண் முன்னால் வந்ததாம். அடுத்து என்ன செய்தோம் என்று அவரே யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு, இருபத்திரண்டு வருஷம் சொன்ன குரலில், சத்தமாக.

"அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க."

சத்தம் நின்றது.

ஆட்டம் நின்றது.

அப்படியே... ஆணி அடித்த மாதிரி.

ஐந்து ஆறு.

அண்ணன் வியர்த்து வழிந்தபடி அண்ணியைப் பார்த்தார்.

வளைவுகள் வந்தன. போயின. கேரவன் கொஞ்சமும் அலுங்காமல் பின்னால் வந்தது. கண்ணாடியில் அந்த உள்ளங்கை ஜன்னலில் ஒட்டியபடி இருந்தது. துடைக்கவில்லை. ஆவியும் படரவில்லை.

ஐந்து பதினேழு. சமதரை. பனி விலகி, தூரத்தில் ஒரு லாரி வரும் வெளிச்சம் தெரிந்தது. அண்ணி ஓரம் கட்டி, கை பிரேக்கைப் போட்டார்.

பதினோரு நிமிஷம்.

அப்போது அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூச்சைப் பிடிக்கச் சொன்ன யாரையும் அண்ணி அப்படியே விட்டதில்லை. பழக்கம். வேறொன்றும் இல்லை.

"இப்ப... மூச்சு விடலாம்."

ஹாஆஆ...

நீளமாக. கரகரவென்று. உயிர் போகிற மாதிரி.

கேரவனிலிருந்து இல்லை.

காரின் பின்சீட்டிலிருந்து.

அண்ணனின் பின்தலை முடி அசைந்தது. காரின் முன்கண்ணாடி உள்பக்கமாக மெல்ல மெல்ல வெளுத்தது.

கதவைத் திறந்தது, ஓடியது எதுவும் இருவருக்கும் ஞாபகம் இல்லை. லாரிக்காரர் வந்து பார்த்தபோது நூறடி தள்ளி ரோட்டோரத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அவர்தான் அண்ணியிடம் சாவி வாங்கிக் கேரவனைத் திறந்து காட்டினார். உள்ளே ஆள் இல்லை. கட்டில் விரிந்திருந்தது. அவர் லாரியைத் திருப்பி முன்னால் ஓட்ட, அதன் பின்னாலேயே மெதுவாகப் போய் மகள் வீட்டைச் சேர்ந்தார்கள். ஆறாம் நாள் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். கேரவனில் ஒரு ராத்திரி கூட யாரும் படுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுத்துக்கொண்டார்கள்.

பேத்தி பிறந்த பிறகு அண்ணி அந்த எண்ணைக் கூப்பிட்டார். அதே கரகரத்த குரல்தான் எடுத்தது. அந்த ஆள் அண்ணியை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். "நீங்க கூப்பிட்டது ஒரே தடவைதாம்மா. நான் உங்களைக் கூப்பிடவே இல்லையே? இந்தப் போன்ல வர்ற காலை எடுக்கத்தான் முடியும். வெளியே கூப்பிட வசதி கிடையாது" என்றார்.

அடுத்து, கேரவனை விற்றவரைத் தேடிப் பிடித்தார் அண்ணன். ஓய்வு பெற்ற டிராயிங் வாத்தியார். தனியாக இருப்பவர். அண்ணன் பாதி சொல்லும்போதே, மீதியைக் கேட்க வேண்டாம் என்பது போலப் போனில் அழ ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் மனைவியும் அதே ஏரிப் பாதையில் வந்திருக்கிறார்கள். மனைவிக்கு மூச்சுத் திணறல் உண்டு. காரில் உட்கார முடியவில்லை, கொஞ்ச நேரம் பின்னால் போய்ப் படுக்கிறேன் என்றிருக்கிறார். ஓடும் கேரவனில் ஆள் இருக்கக் கூடாது என்று வாத்தியாருக்குத் தெரியும். இருந்தும் படுக்க வைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். இறக்கம் முழுக்கக் கேரவன் ஆடியது. உள்ளே மனைவி அங்கும் இங்கும் நடக்கும் சத்தம் நன்றாகவே கேட்டது. "சும்மா படுக்காம எதுக்கு நடக்கிறாள்னு எனக்குக் கோபம்தான் சார் வந்தது. நிறுத்தவே இல்லை" என்றார்.

கீழே வந்து திறந்தபோது மனைவி ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தார். விழவில்லை. நின்றுகொண்டே இருந்தார். உயிர் இல்லை.

"அதைக் கூடத் தாங்கிக்கிட்டேன் சார்" என்றார் வாத்தியார். "ஆனா, உடம்பைப் பார்த்த டாக்டர் ஒண்ணு சொன்னார். நான் மலை உச்சியில டீ குடிக்க நிறுத்தினேன் பாருங்க... அப்பவே அவள் போய்ட்டாளாம்."

இறக்கம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.