அண்ணி குடிக்காத பாசிச் சூப்

எங்கள் அண்ணி ஓ மல்-சுன் கீரை பிசையும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறாள் என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். யோசு துறைமுக ஊர்ச் சந்தையில் நானும் அவளும் சேர்ந்து தொடுகறிக் கடை நடத்துகிறோம். கீரை, தாமரைத் தண்டு, நெத்திலி வறுவல், காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சி என்று விடிந்ததிலிருந்து கை ஓயாது. அவள் வாய் திறக்காமல் வேலை செய்கிறவள். வாங்க வருகிறவர்கள் நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வாள், மற்றதற்குச் சிரிப்பாள். அப்படிப்பட்டவள் முணுமுணுத்தால் என் காது சும்மா இருக்குமா? எள்ளெண்ணெய் எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன்.

"புட் ஆன். டேக் ஆஃப். கெட் அவே."

ஆங்கிலம்! நான் மேல்நிலைப் பள்ளி முடித்தவள். கெட் அவே என்றால் தப்பித்துப் போவது என்று எனக்குத் தெரியும். என்ன அண்ணி அது என்று கேட்டேன். டிவியில் வந்த பாட்டு என்றாள். பாட்டென்றால் ஒரு ராகம் வேண்டாமா?

நாத்தனார் என்றாலே சந்தேகப் பிராணி என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். என் அண்ணன் கூ பியோங்-மான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கை விட்டதிலிருந்து டிவி முன்னால் தரையில் சாய்ந்து கிடப்பதே அவருக்கு வேலை. குடிக்கத் தண்ணீர்கூட அவள்தான் எடுத்து நீட்ட வேண்டும். எங்கள் பக்கம் இந்த வயதில்தான் பெண்கள் பெட்டி கட்டுகிறார்கள். பிள்ளைகளைக் கரையேற்றியதும், போதும் உன் சகவாசம் என்று புருஷனிடம் விவாகரத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்து மீன்கடைக்காரி போன வருஷம் அப்படித்தான் போனாள். அண்ணியின் ஒரே மகள் இருப்பதோ ஆஸ்திரேலியாவில். அங்கே போய் இருக்கப் போகிறவளுக்கு ஆங்கிலம் வேண்டாமா? இவள் போய்விட்டால் அந்த மனுஷன் ஒரு மாதம் தாங்கமாட்டார்.

அதிலிருந்து அவள் மேல் ஒரு கண் வைத்தேன். வாரத்தில் இரண்டு மத்தியானம் முழங்காலுக்கு ஊசி வைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போவாள். வைத்தியர் ஒருநாள் கடைக்கு வந்தபோது, எங்க அண்ணி முட்டி எப்படி இருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். உங்கள் அண்ணியைப் பார்த்து வருஷமாகிறதே என்றார். அடுத்த வாரம் அவள் மேலங்கிப் பையிலிருந்து சின்னச் சின்னப் புகைப்படங்கள் கீழே விழுந்தன. நேராகப் பார்த்து, காது தெரிய, சிரிக்காமல் எடுத்த படங்கள். பாஸ்போர்ட்டுக்கு அல்லாமல் வேறு எதற்கு? சட்டென்று பொறுக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். காதுமடல் சிவந்துபோயிற்று.

அவளைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, பெண்கள் நடுநிலைப் பள்ளியில் படித்தவள் என்று தரகர் சொன்னார். அம்மா அதைச் சந்தை முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். படித்த மருமகள் என்ற கர்வமே இல்லாமல் அம்மாவுக்குக் கடைசி வரை மலம் மூத்திரம் எடுத்தவள் அண்ணி. டப்பாவில் ஆங்கிலத்தில் ஏதாவது எழுதியிருந்தால் மட்டும், கண்ணாடியை மறந்துட்டேன், நீ படிச்சுச் சொல்லேன் என்பாள். கண்ணாடி அவள் தலைமேல்தான் இருக்கும். அதைச் சொல்லிச் சொல்லி நான் கேலி செய்திருக்கிறேன்.

ஏப்ரலில் அண்ணன் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாள் காலையில் கடற்பாசிச் சூப் இல்லாத வீடு எங்கள் நாட்டில் கிடையாது. மாட்டிறைச்சி போட்டு அண்ணி மணக்க மணக்க வைத்திருந்தாள். நான் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் கவனித்தேன், அவள் முன்னால் வெறும் சோறும் கிம்ச்சியும். கட்டின புருஷனின் பிறந்தநாள் சூப்பை ஒரு கரண்டிகூட அவள் தொடவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. உறவு அறுந்தது என்று வாயால்தான் சொல்ல வேண்டுமா? என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி, போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. ஊசி வைத்தியம், போட்டோ, இங்கிலீஷு எல்லாம் எனக்குத் தெரியும். எங்க அண்ணன் பிறந்தநாள் சூப்புகூட கசந்துபோச்சா?"

அண்ணன் டிவியை நிறுத்தினார். அண்ணி சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குப் பரீட்சை. அதான் குடிக்கல."

பாசி வழுக்கும், குடித்தால் பரீட்சையும் வழுக்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் பிள்ளைகள் பரீட்சை எழுதிய காலத்தில் வாரக்கணக்கில் பாசியை வாசற்படி ஏறவிடாதவள் நான். அது எனக்குத் தோன்றவே இல்லை.

"நான் ஆறாவதோட, தொடக்கப் பள்ளியோட நின்னவ," என்றாள். "அதுக்கப்புறம் வலை பின்ற ஆலைக்கு அனுப்பிட்டாங்க. தரகர் சொன்னது பொய்." ஊசி வைத்தியம் என்று அவள் போனது பெரியவர்களுக்கான பள்ளி ஒன்றுக்கு, போட்டோ எடுத்தது பரீட்சை விண்ணப்பத்துக்கு. நடுநிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு வெளியிலிருந்து எழுதும் பரீட்சை அது. மற்ற பாடங்கள் பரவாயில்லையாம், ஆங்கிலம்தான் உயிரை வாங்குகிறதாம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ இப்பத்தான் என்னை வேவு பாக்குற, ஜோங்-சிம். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து உன் கண்ணுக்குப் பயந்துக்கிட்டே இருக்கேன். என்னைக்கு எந்த போர்டைக் காட்டிப் படிக்கச் சொல்லுவியோன்னு."

எனக்குத் தலை நிமிரவில்லை. இவளைப் பார்த்து நான் பயந்த மாதம் ஒன்றிரண்டுதான். அவள் பயந்ததோ ஒரு ஆயுசு.

பொய் என்றதும் அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்த முணுமுணுப்பை இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப நீ எங்கயும் போகலையா?" என்றார்.

"எங்க போறது? திங்கக்கிழமை கிம்ச்சி போடணும்," என்றாள் அவள்.

அவர் எழுந்தார். தன் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்ச் சூப்பைப் பானையில் திருப்பி ஊற்றினார். "ஒரே வீடு. நானும் குடிக்கல," என்று சொல்லிவிட்டு, வரும்போது அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அண்ணி அழ ஆரம்பித்தாள்.

என் கிண்ணம்தான் காலி. அதை எந்தப் பானையில் ஊற்றுவது?

மறுநாள் காலை பரீட்சை நடந்த பள்ளிக்கு அவளுக்கு முன்னால் நான் போய் நின்றேன். பிசினாக ஒட்டுகிற அரிசி மிட்டாயை இரும்புக் கதவில் அறைந்து ஒட்டினேன். மிட்டாய் ஒட்டினால் பரீட்சையும் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், எழுதுகிறவர் தேறிவிடுவார் என்பதும் எங்கள் பக்கத்து நம்பிக்கைதான். ஒன்று ஒட்டியதும் காவல்காரர் ஓடி வந்தார். பிள்ளைக்கா, பேரனுக்கா என்று கேட்டார்.

"எங்க அண்ணிக்கு. இன்னொண்ணும் ஒட்டிக்கிறேங்க," என்றேன். "வீட்டுல ஒருத்தி ரெண்டு கிண்ணம் பாசிச் சூப்பு குடிச்சிட்டா."