சாவிக்காரரின் தம்பி

சாவிக்காரர் எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார். நான்கு மாதமாக வந்து சேர்ந்த ஐந்து கடித உறைகளைத் திறக்கத்தான் அவருக்குக் கை வரவில்லை. எல்லாம் கிரெடிட் கார்டு கம்பெனி அனுப்பியவை. கடை மேசையின் அடி இழுப்பறையில், தேய்ந்த அரங்களுக்கும் பழைய ஸ்பிரிங்குகளுக்கும் கீழே அவற்றைப் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்குள் அவரும் மனைவியும் தவிர வேறு யாரும் நுழைவதில்லை. ஆக, பூட்டு யாருக்காக என்று சொல்லத் தேவையில்லை.

கடன் ஒரு மெஷினால் வந்தது. கார் சாவிக்குள் இருக்கும் சிப்பைப் படித்து நகல் எடுக்கும் மெஷின். வாங்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதுவரைக்கும் எத்தனை பேரு கார் சாவி கேட்டு வந்திருக்காங்க?"

"மெஷின் வந்தா வருவாங்க."

மெஷின் வந்தது. ஒரு வருஷத்தில் காரில் வந்து கடை வாசலில் நின்றவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேர் விலாசம் கேட்க நின்றவர்கள். மெஷின் மேல் இப்போது மனைவியின் பழைய துப்பட்டா ஒன்று தூசு படாமல் போர்த்தியிருந்தது. தவணை நான்கு மாதமாக நின்றுபோயிருந்தது. மனைவி "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிவிட்டால்கூட அவர் தாங்கிக்கொள்வார். அவள் சொல்ல மாட்டாள், பார்ப்பாள். கம்பெனியைவிட அந்தப் பார்வைக்குத்தான் அவர் பயந்தார்.

வேறு தொழிலாக இருந்தால் தெரியாத நம்பரை எடுக்காமல் விட்டுவிடலாம். பூட்டுத் தொழிலில் அது நடக்காது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே முழிப்பவர்கள் எல்லாருமே தெரியாத நம்பர்தான். கம்பெனியோ தினம் ஒரு புது நம்பரில் கூப்பிட்டது. அவரும் தினம் ஆவலாக எடுத்தார்.

முதல் நாள் ஒரு பெண் குரல், அவர் பெயரைச் சொல்லி, "சார்தானே பேசறது?" என்று கேட்டது. அவர் வாய் அவரைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"அண்ணன் வெளியில போயிருக்காரு. நான் தம்பி பேசறேன்."

மூன்று அக்காக்களுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி அவர். நாற்பத்தெட்டாவது வயதில் அவருக்கு இப்படியொரு தம்பி பிறந்தான்.

தம்பி நல்ல பிள்ளையாக அமைந்தான். பணிவாகப் பேசினான், எடுத்த போனை நடுவில் வைக்கவில்லை. "விவரம் எல்லாம் அவர்கிட்டதான் சொல்ல முடியும்" என்று அந்தப் பெண் சொன்னால், "தெரியும் மேடம், கார்டு விஷயம்தானே, வந்தா சொல்றேன்" என்பான். இரண்டாவது வாரம் அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அண்ணனைப் பற்றி மனம் விட்டுப் பேச ஆரம்பித்தான்.

"எங்கண்ணன் ஒரு வெத்துவேட்டு மேடம். வாய்ச்சவடால்தான் ஜாஸ்தி. அண்ணி தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்க, மெஷின் வேண்டாம்னு. கேட்டாத்தானே? பக்கத்துத் தெருக்காரன் வாங்கிட்டான்னு இவரும் வாங்கினாரு. இப்ப கடிதாசு வந்தா பிரிக்கக்கூட மாட்டேங்கறாரு. ஒளிச்சு வைக்கறாரு."

சாவிக்காரருக்கே ஆச்சரியமாக இருந்தது. தன்னைப் பற்றி இவ்வளவு சரியாகப் புரிந்து வைத்திருக்கும் ஓர் ஆள் தனக்கு வாய்ப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு போனை வைத்தால், நெஞ்சில் கொஞ்ச நேரம் பாரமே இருக்காது. ஒரு நாள் போன் வர நேரமானபோது, ஏன் இன்னும் வரவில்லை என்று போனை எடுத்துக்கூடப் பார்த்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு ஆறு மணி வரைக்கும்தான் உங்கண்ணன் ஃபைல் என் கையில இருக்கும். அதுக்குள்ள அவரே பேசினா ஒரு வழி பண்ணலாம். இல்லேன்னா வசூல் ஆளுங்ககிட்ட போயிடும். அவங்க போன் பண்ண மாட்டாங்க. நேரா வீட்டுக்கு வருவாங்க."

வீடு என்றதும் சாவிக்காரருக்கு மனைவியின் பார்வைதான் ஞாபகம் வந்தது. ஆனால் தம்பிக்கு வாய் பழகிப்போயிருந்தது.

"அவரா பேசப் போறாரு? அந்த ஆளுக்கு ஏது அவ்வளவு ரோஷம். வாழ்க்கையில ஒரு பொறுப்பா..."

"போதும் சார்." அவள் குரல் உயரவில்லை. "நான் எதையும் சொல்லக்கூடாது, ஆனா இதை மட்டும் சொல்றேன். உங்கண்ணன் ஆறு வருஷம் ஒரு நாள்கூடத் தப்பாம கட்டியிருக்காரு. என் கண்ணு முன்னாடி இருக்கு. நாலு மாசத்தை வச்சு ஒரு மனுஷனை இப்படிப் பேசாதீங்க."

சாவிக்காரர் துப்பட்டா போர்த்திய மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு வருஷத்தில் அவருக்காக யாரும் இப்படிப் பரிந்து பேசியதில்லை. அவரே பேசியதில்லை. அழுகை வரும் போலிருந்தது.

"மேடம், நான்தான் அது."

"எது?"

"அண்ணன். தம்பின்னு யாரும் கிடையாது."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"சரி சார். ஆனா நீங்கதான் அவர்னு எனக்கு அத்தாட்சி வேணுமே."

அது சாவிக்காரரின் சொந்த வசனம். அத்தாட்சி காட்டாமல் யாருக்கும் கதவு திறக்க மாட்டார். ஒரு முறை ஈரத் துண்டோடு வாசலில் நின்ற ஒரு மனிதரை, பக்கத்து வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து "இவர் வீடுதான்" என்று சொல்லும்வரை நாற்பது நிமிஷம் நிற்க வைத்தவர். இப்போது அந்தத் துண்டு அவர் இடுப்புக்கு வந்துவிட்டது.

பிறந்த தேதி சொன்னார், சரி. விலாசம் சொன்னார், சரி.

"கடைசியா உங்க ரகசியக் கேள்வி. உங்களோட முதல் வண்டி எது?"

"ஸ்கூட்டர்."

"இல்ல சார்."

"சைக்கிளா?"

"அதுவும் இல்ல. இன்னும் ஒரு தடவைதான். தப்பாப் போச்சுன்னா கணக்கு பூட்டிக்கும், திறக்க மூணு நாள் ஆகும். யோசிச்சுட்டு ஆறு மணிக்குள்ள இதே நம்பருக்குக் கூப்பிடுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் அந்த ஃபாரத்தை அவர் நிரப்பவே இல்லை. அன்று கையெல்லாம் எண்ணெய்க் கறை. அவர் கையெழுத்து மட்டும் போட்டார், மற்றதெல்லாம் மனைவி எழுதினாள். ஊரார் பூட்டையெல்லாம் திறப்பவருக்குத் தன் கணக்கைத் திறக்கும் வழி தெரியவில்லை, தெரிந்தவளிடமோ வாயைத் திறக்க முடியவில்லை.

ஐந்தே காலுக்கு எழுந்து ஓடினார். மனைவி எதிர்ச்சாரி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்து மாத்திரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நம்ம கார்டு ஃபாரத்துல முதல் வண்டின்னு என்ன எழுதின?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

அவள் அவர் தோளுக்கு மேலாகத் தெருவின் அந்தப் பக்கம் பார்த்தாள். "சும்மாவா கடையைத் திறந்து போட்டுட்டு ஓடி வந்தீங்க? என்னன்னு சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

அவர் சொன்னார். மெஷின், நான்கு மாதம், கடித உறைகள், வசூல் ஆட்கள். தம்பியை மட்டும் விட்டுவிட்டார். சொல்லி முடித்ததும் அவள் பார்த்தாள். இத்தனை நாள் பயந்தது வீண் பயமில்லை, அது பயப்பட வேண்டிய பார்வைதான்.

"தள்ளுவண்டி," என்றாள்.

"அதெல்லாம் ஒரு வண்டியா?"

"அதுலதான் ரெண்டு வருஷம் சாவி வெட்டி வித்தீங்க. வீட்டு வாடகை அதுலதான் வந்துது. கேட்டாங்க, உள்ளதை எழுதினேன்."

எல்லாரிடமும் 'எடுத்த எடுப்பிலேயே கடை போட்டேன்' என்று அளந்து அளந்து, அந்த வண்டியை அவர் சுத்தமாக மறந்தே போயிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

மருந்துக்கடையிலிருந்தே போன் போட்டார். மனைவி ஸ்பீக்கரை அழுத்தினாள். இருமல் மருந்து வாங்க வந்தவர் திரும்பிப் பார்க்கும்படி, "தள்ளுவண்டி" என்றார் சாவிக்காரர். கணக்கு திறந்துகொண்டது. வட்டி நின்றது. பாக்கி இருபத்துநாலு சின்னத் தவணையாகப் பிரிந்தது. வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள்.

"நல்லது சார்," என்றாள் அந்தப் பெண். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க தம்பியை விசாரிச்சேன்னு சொல்லுங்க."

மனைவி போனைக் கையில் வாங்கினாள். "இனிமே என் நம்பருக்குக் கூப்பிடுங்கம்மா. எழுதிக்கோங்க." நம்பரைச் சொல்லிவிட்டு போனை வைத்தாள். "எந்தத் தம்பி?"

வேறு வழியில்லாமல் அதையும் சொன்னார். வெத்துவேட்டு, வாய்ச்சவடால் எதையும் விடவில்லை. அவள் உதட்டோரம் ஒரு கணம் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை.

"அவளுக்குத் தினமும் சொன்னதை எனக்கு ஒரு நாள் சொல்லியிருக்கலாம்."

அவர் சட்டைப்பையிலிருந்து இழுப்பறைச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு நகல் வச்சிருக்கீங்களா?"

"இல்ல," என்றார் சாவிக்காரர். "இது ஒண்ணுதான்."