யார் அளந்தது என்று கேட்ட மெஷின்

இதழில் வருவதற்கு முன்பே ஆய்வுக் கட்டுரையை எல்லாரும் படிக்கட்டும் என்று இணையத்தில் போட்டுவிடுவது இப்போதைய வழக்கம். அப்படிப் போட்டதை ஒரு மெஷின் தானாகவே படிக்கும். செய்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறதா, வேறொருவர் செய்து பார்த்தாலும் இதே முடிவு வருமா என்று துருவி, கட்டுரைக்குக் கீழேயே பச்சையும் சிவப்புமாக மார்க் போடும். என் முதல் கட்டுரைக்கு ஒரே ஒரு சிவப்பு. அளந்தவருக்கு, தான் அளப்பது எந்தப் பிரிவு ஆளை என்று தெரியாமல் இருந்ததா? தெரிந்தால் அளவு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்; அதைப் பற்றிக் குறிப்பு இல்லையாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலேசியாவில் மூடிப்போன ரப்பர் தோட்டங்களிலிருந்து ஈப்போ நகரத்துப் பக்கம் வந்து குடியேறியவர்களின் கைப்பிடி வலுவை அளந்தவன் நான். பால்மரம் வெட்டியவர்களுக்கு, அதாவது பாலுக்காக ரப்பர் மரப்பட்டையைக் கீறியவர்களுக்கு, பிடி தளர்ந்துவிட்டது, தோட்டத்தில் வேறு வேலை பார்த்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்பது என் கண்டுபிடிப்பு. கல்லூரியில் என் வேலை நிரந்தரமாவது அதை நம்பித்தான் இருந்தது. நம் ஆட்கள் இருவர் சந்தித்தால் எந்தத் தோட்டம், என்ன வேலை என்றுதான் பேச்சே தொடங்கும். அதைக் கேட்காமல் ஒருவர் கையில் கருவியைத் திணிக்க நான் என்ன போலீஸா? ரப்பர் மரத்தைக் கண்ணால் பார்த்திராத மெஷினுக்கு இது எங்கே விளங்கப்போகிறது.

என் பாஸ் அதைவிட ஒரு படி மேல். கட்டுரை என்றால் தன் பெயர் எத்தனையாவதாக வருகிறது என்பதோடு படிப்பை நிறுத்திவிடுகிற மனிதர்.

"மெஷினுக்கு ஒரு வரிதானே வேணும் லா. அளந்தவருக்குத் தெரியாதுன்னு போட்டுவிடு. வா, சாப்பிடப் போலாம்."

போட்டேன். மறுபடி ஏற்றியதும் சிவப்பு பச்சையானது. பொய்க்குப் பச்சை கொடுக்கிற இந்தத் தகரடப்பாவுக்கா பயந்தோம் என்று சிரித்தேன். ஆனாலும் அந்த வரி உறுத்தியது. அதைக் கொஞ்சமாவது உண்மையாக்கிவிடலாம் என்று, சிம்பாங் பூலாய் ஊரில் முன்பு அளந்தவர்களில் சிலரை மறுபடி வரச் சொன்னேன். அளக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணை அழைத்தேன். தாப்பாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவளுக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது என்று அவளையும் மட்டமாகத்தான் நினைத்தேன்.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கருவியைக் கொடுத்து, எல்லாரிடமும் ஒரே குரலில், "நல்லா அழுத்துங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்றாள். முப்பது வருஷம் மரம் வெட்டிய அக்கா ஒருவர் அழுத்தினார். நான் எழுதியிருந்த எண்ணைத் தாண்டி முள் ஓடியது.

"அக்கா, அன்னைக்கு இவ்வளவு வரலையே?"

"அன்னைக்கு நான் பிடிக்கிறதுக்குள்ள நீங்கதான் போதும்க்கா, சிரமப்படாதீங்கன்னு வாங்கிட்டீங்க தம்பி. கிராணியா இருந்தவரு கிட்ட மட்டும் இன்னும் இன்னும்னு கேட்டீங்க."

தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணிக்கு உற்சாகம், மரம் வெட்டியவருக்கு இரக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் நான் அறிவியல் என்று எழுதியிருக்கிறேன். மரம் வெட்டியவர்களில் அன்று வந்த மற்றவர்களுக்கும் எண் ஏறியது. பாஸ் மீதும் மெஷின் மீதும் துப்பிய எச்சிலெல்லாம் என் முகத்திலேயே விழுந்ததுபோல் இருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றதும் பாஸ், "பச்சைதானே காட்டுது, உனக்கு என்ன பைத்தியமா?" என்றார். திரும்பப் பெறும் படிவத்தில் காரணம் கேட்ட கட்டத்தில், தெரிந்தே பொய் எழுதினேன் என்று போட்டேன். வேலை நிரந்தரமாகவில்லை, அது பரவாயில்லை.

அந்த அக்காவிடம் மட்டும் இன்னும் போய்ச் சொல்லவில்லை. அவரைப் பலமற்றவர் என்று ஊருக்கே எழுதிவைத்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். சிரமப்படாதீங்க தம்பி என்பார். அதைக் கேட்கத்தான் எனக்குத் தைரியமில்லை.