யோகலட்சுமியின் ஒரே நிபந்தனை

காரைக்குடியில் யோகலட்சுமியைத் தெரியாத சாமி கிடையாது. திங்கள் சிவன், செவ்வாய் குன்றக்குடி முருகன், வெள்ளி கொப்புடையம்மன், சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி. வியாழக்கிழமை மட்டும் சும்மா இருப்பாள் என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைக்குத் தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை. புருஷன் மருது டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கு ஒருத்தர் கும்பிட்டால் போதும் என்ற கட்சி அவர்.

விளக்குக்கு எந்த எண்ணெய், எந்த வாசல் வழியாகப் போனால் வரிசை குறைவு, தட்டில் வெற்றிலைக் காம்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. யாருக்கு விளக்கு, எதற்கு விளக்கு என்பதெல்லாம் அவள் போகாத தெரு. கேள்வி கேட்டால் சாமி குத்தம் ஆகிவிடும் என்று சின்ன வயதில் யாரோ சொல்லி வைத்ததை மட்டும் மறக்காமல் வைத்திருந்தாள். நம்மில் பாதிப் பேர் கதை இதுதான்; அவளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

ஒரே மகன் அய்யப்பனுக்கு மதுரையில் வேலை. கூட வேலை பார்க்கும் அமலியைத்தான் கட்டுவேன் என்று ஒரு நாள் வந்து நின்றான். அமலி சிவகங்கைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். யோகலட்சுமி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதில் ஒரு நாள் எப்படியும் பிரதோஷம். அப்புறம் மனம் இறங்கி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பொண்ணு நம்ம மதத்துக்கு மாறணும். மாறுனா நானே முன்னாடி நின்னு நடத்தி வைக்கிறேன். இல்லையின்னா தாலி கட்டுற எடத்துக்கு நான் வர மாட்டேன்."

அம்மா இல்லாமல் தாலி கட்ட அய்யப்பனுக்குத் தெம்பு இல்லை. அவன் படும் பாட்டைப் பார்த்து அமலியே கிளம்பி வந்தாள்.

"மாறுறேன் அத்தை. ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லிக்குடுக்கணும். தெரியாம எப்படிக் கும்பிடுறது?"

தெரியாமல் கும்பிடுவது எப்படி என்றுதான் யோகலட்சுமியால் சொல்லிக்கொடுக்க முடியும். அது அப்போது அவளுக்குத் தெரியவில்லை. பெருமை தாங்காமல் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். சண்டிகேஸ்வரர் முன்னால் நின்று படபடவென்று கை தட்டினாள்.

"எதுக்கு அத்தை தட்டுறீக?"

"அவருக்குக் காது கேக்காது தாயி. தட்டுனாத்தான் நாம வந்தது தெரியும்."

அமலி தட்டவில்லை. சுவரில் இருந்த பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். 'சண்டிகேஸ்வரர் தியானத்தில் இருக்கிறார். கை தட்டாதீர்கள்.' அதன் கீழேயே இன்னொன்று: 'தட்சிணாமூர்த்தி வேறு, குரு பகவான் வேறு. கொண்டைக்கடலை மாலை நவக்கிரகத்தில் உள்ள குருவுக்கே.' அந்தப் பலகையின் ஆணியில்தான் யோகலட்சுமி வாரா வாரம் பையை மாட்டிவிட்டுச் சுற்றி வருவாள். இத்தனை வருஷத்துக் கடலையும் விலாசம் மாறிப் போயிருக்கிறது.

"இது இப்பப் புதுசா எழுதியிருக்காக" என்றாள். பலகையில் பெயிண்ட் பாதி உதிர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து மருதுவிடம் சண்டைக்குப் போவது போலக் கேட்டாள். "அய்யப்பன் நாலு வயசுல மூளைக்காய்ச்சல்ல கெடந்தப்ப அவரு முன்னாடிதான் கை செவக்கத் தட்டுனேன். பிள்ளை பொழச்சான். அவரு தியானத்துல இருந்தாருன்னா, நான் தட்டுனத யாருங்க கேட்டா?"

எதற்கும் கிண்டல் பேசும் மருது அன்றைக்கு எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். எனக்கும் இந்த இடத்தில் அவளைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

மறுநாள் குருக்களைக் கேட்டாள். "எல்லாம் ஐதீகம்மா" என்று சொல்லி அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். வாட்ஸப் குழுவில் கேட்டாள். நாற்பது பேர் கும்பிடும் கை பொம்மை அனுப்பினார்கள்.

அமலியோ சொன்ன சொல்லை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். மதுரையில் நூலகம் நூலகமாக ஏறி இறங்கிப் படித்துவிட்டு, அடுத்த மாதம் அய்யப்பனோடு வந்து உட்கார்ந்தாள்.

"மாறத் தயார் அத்தை. ஒண்ணே ஒண்ணுதான் எந்தப் புத்தகத்துலயும் இல்லை. உங்க குலசாமி கோயில்ல கருப்பருக்குக் கிடா வெட்டுறப்ப, எதுத்தாப்புல இருக்க அய்யனாருக்குத் திரை போடுவாகளாமே? அவரு சைவமாம், ரத்தத்தைப் பாக்கக் கூடாதாம். ஒரு வேட்டியப் பிடிச்சா அந்தப் பக்கம் நடக்குறது சாமிக்குத் தெரியாதா?"

கண்டரமாணிக்கத்துப் பக்கம் இருக்கிற அந்தக் கோயிலில், திரையின் வலது முனையைப் பிடிக்கும் உரிமை மருது வீட்டாருக்கு. இடது முனைக்காகப் பங்காளிகள் இரண்டு பேர் கோர்ட்டு வரை போய்வந்தார்கள். எந்த முனை யாருக்கு என்று யோகலட்சுமி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஏன் பிடிக்கிறோம் என்று வழக்குப் போட்டவர்களே கேட்டதில்லை.

அமலி பேனாவோடு காத்திருந்தாள். இது இந்த ஒரு நாளோடு போகிற விஷயமில்லை என்று யோகலட்சுமிக்கு உறைத்தது. இவள் மாறி இந்த வீட்டுக்குள் வந்தால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் கேட்பாள். ஒவ்வொரு பலகையையும் படிப்பாள். கடைசியில் கும்பிட ஒரு சாமிகூட மிச்சம் இருக்காது. பயமாக இருந்தது. பிள்ளை காய்ச்சலில் கிடந்ததற்கு அப்புறம் அவள் இப்படிப் பயந்ததில்லை.

"தாயி" என்றாள், அமலியின் கையைப் பிடித்துக்கொண்டு. "நீ ஒண்ணும் மாற வேணாம். நீ உன் சாமியவே கும்பிடு. மாசி மாசத்துல தேதி பாப்போம்."

அய்யப்பன் எழுந்து அம்மாவின் காலில் விழுந்தான். விஷயம் தெருவெல்லாம் பரவியது. மதம் பார்க்காத மகராசி என்று சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து பாராட்டினார்கள். "பெரிய மனசு ஒனக்கு" என்று நாத்தனார் ஒச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யோகலட்சுமி மறுக்கவில்லை, காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அன்று மாலையே அமலியின் அம்மா போன் செய்தார். தினமும் விடிகாலைப் பூசைக்கு மாதா கோயில் போகிறவர்.

"உங்க மாதிரி மனசு யாருக்கு வரும் சம்பந்தி! நானும் உங்க மகன் ஞானஸ்நானம் எடுத்தாத்தான் பொண்ணு குடுப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னேன். தம்பியும் சரின்னாரு."

"அப்புறம்?"

"வெவரம் கேட்டாரு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மூணு பேரு எப்படி ஒரே ஆளுன்னு."

"நீங்க என்ன சொன்னீக?"

சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க உங்க சாமியவே கும்பிடுங்க தம்பின்னு சொல்லிட்டேன்."