ரப்பர் பால் பூசிய சர்க்யூட்

எலக்ட்ரானிக் சாமான் கடைக்குப் புதுச் சாமான் வாங்க வருகிறவர்கள் குறைவு. எரிந்துபோனதைக் கையில் பொத்திக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

சால்டரிங் அயனில் விரலைப் பொசுக்கிக்கொண்டு, வீட்டு பியூஸைப் போக்கி, எல்லோரிடமும் திட்டு வாங்கிய நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எண்பதுகளின் தொடக்கம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பௌதிகம் படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஒரு சீனத் தவுக்கேயின் கடையில் ஒன்பது மாதம் நின்றேன். கடை முதலாளியைத் தவுக்கே என்போம்; அவர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். வாடிக்கையாளர் சந்தேகம் கேட்டால் மட்டும் தமிழ் மறந்துபோன மாதிரி என்னைக் கை காட்டுவார்.

வெடித்த கண்டென்சர்

அந்தோணி அண்ணன் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புகைக்கூடம் பார்ப்பவர். ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துக் காயவைக்கும் இடம் அது. சூடு குறைந்தால் ஷீட்டில் பூஞ்சை பிடிக்கும். ஏறினால் கொப்புளம் போடும். இன்னும் ஏறினால் கூடமே எரியும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஒரு கூடம் எரிந்து, அதைப் பார்த்துக்கொண்டவருக்கு வேலை போனது. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். அந்தோணி அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். சூடு அறுபது டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

படம் வரைந்து, சாமான்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்தார். கண்டென்சரில் மைனஸ் கோடு போட்ட காலைப் பிளஸ்ஸில் சேர்த்துவிட்டாராம். அது வெடித்து, உள்ளே இருந்த காகிதச் சுருள் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. (அந்தக் கோட்டை ஒரு தரம் பாருங்கள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இன்னொரு தரம் பார்த்த பிறகு கரண்ட் கொடுங்கள்.) கோபமாக இருப்பார் என்று பயந்தேன். அவருக்கு வேறு கவலை. "இவ்ளோ சின்ன டப்பாக்குள்ள இவ்ளோ கோவத்தை எப்படித் தம்பி அடைச்சு வைக்கிறாங்க?"

டீயில் ஓர் ஆராய்ச்சி

சூட்டை உணர்வதற்கு அவருக்குக் கொடுத்தது தெர்மிஸ்டர். மிளகளவுதான் இருக்கும், சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். எந்தச் சூட்டில் எவ்வளவு என்று புத்தகத்தில் அட்டவணை உண்டு. அதை நம்பாதீர்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபடும். பிளாஸ்டிக்கில் சுற்றி வெந்நீரில் விட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, ஆற ஆற நீங்களே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அவரிடமும் இதைச் சொல்லி, கடை மீட்டரை இரவல் கொடுத்தேன்.

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தார். இரண்டிரண்டு டிகிரியாக, வரிசை பிசகாமல். சந்தேகமான இடத்தில் ஒரு கேள்விக்குறி. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அந்த மாதிரி இடங்களில் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதியவர்கள். தாளில் பழுப்புக் கறை எதற்கு என்று கேட்டேன். வெந்நீர் தனியாக எதற்கு என்று டீயிலேயே விட்டு அளந்தாராம். அதில் அவருக்குப் புதுச் சந்தேகம் கிளம்பியிருந்தது. "நான் தெனமும் அறுபத்தாறு டிகிரில டீ குடிக்கிறேன் தம்பி. என் நாக்கு ஏன் மணி அடிக்க மாட்டேங்குது?"

வயிற்றைப் பார்த்தவர்

அதே தோட்டத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போய்வருபவர் சரோஜா அக்கா. சிப் செய்யும் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் வழியாகச் சிப்புகளைச் சோதிப்பது அவர் வேலை. கடைக்கு வந்து ஒரு மைக்ரோபிராசசர் வேண்டும் என்றார். அதை வைத்து மூன்று விளக்குகளை மாற்றி மாற்றி எரியவிடப் போகிறாராம். மூன்று விளக்குக்கு அது தேவையில்லை, மலிவாக வேறு வழி இருக்கிறது என்று நேர்மையாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே சிப்பைக் கையால் எடுத்தேன். என் நைலான் சட்டையைப் பார்த்துப் பதறிவிட்டார். நைலானில் ஊறும் நிலைமின்சாரம் சிப்பைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும், முதலில் ஏதாவது இரும்பைத் தொட்டுவிட்டு எடுங்கள் என்றார். புத்தகத்தில் படித்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேறு வழியையும் அவர் ஏற்கவில்லை. "எட்டு மணி நேரம் இதோட வயித்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன் தம்பி. ஒரு நாளாவது இது என்னதான் செய்யுதுன்னு பார்க்க வேணாமா லா?"

ஒரு கேள்வி

மணி வேலை செய்கிறது என்று சொல்ல வந்த அன்று, அந்தோணி அண்ணன் கிளம்பும்போது ஒன்று கேட்டார். ரப்பரில் கரண்ட் போகாதில்லையா? போகாது, நல்ல காப்புப் பொருள் என்றேன். அன்றைக்கு நான் யோசிக்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான். எதற்குக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து வந்த சரோஜா அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: புகை படாமல் இருக்க, அந்தோணி அண்ணன் சர்க்யூட் முழுக்க ரப்பர் பாலைப் பூசியிருக்கிறார், பார்க்கத் தோசை மாதிரி இருக்கிறது. காய்ந்த ரப்பர்தான் கரண்டைத் தடுக்கும். மரத்துப் பால் பாதிக்குமேல் தண்ணீர். அதில் உப்புகள் உண்டு. உறையாமலிருக்க அமோனியா கலந்திருந்தால் அது செம்பையும் அரிக்கும். அந்தப் பலகையில்தான் டிரான்ஸ்பார்மரும் இருந்தது. இருநூற்று நாற்பது வோல்ட்.

தோட்டத்து ஆபீசுக்குப் போன் செய்தேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி எடுத்து, என்ன விஷயம் என்றார். புகைக்கூடத்து விளக்கிலிருந்து அண்ணன் ஆபீசில் கேட்காமல் கரண்ட் எடுத்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். சொந்த விஷயம், அவசரம் என்று உளறினேன். வேலை நேரத்தில் யாரையும் கூப்பிட முடியாது என்று வைத்துவிட்டார். தவுக்கே என் முகத்தைப் பார்த்தார். "பஸ் இருக்கு, போ லா. கடை எங்கயும் ஓடாது."

டெஸ்டர் எரிந்த இடம்

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். உயிரோடு. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, புகை என்று சமாளித்தேன். கதவோரம் மரப்பெட்டியில் மாட்டியிருந்தது சர்க்யூட். மேலே மஞ்சள் தோல், அமுக்கினால் உள்ளே ஈரம் என்று பார்த்தாலே தெரிந்தது. டெஸ்டரை அந்தத் தோலில் வைத்தேன். விளக்கு எரிந்தது. கம்பியைத் தொடவே இல்லை, வெறும் பால்தான்.

மெயினைப் பிடுங்கிவிட்டு, தப்பு என்னுடையது, அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன் என்றேன். தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கும், வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம் என்று நினைத்து அவர் தினமும் காலையில் தொட்டுப் பார்த்திருக்கிறார். காலில் ரப்பர் சிலிப்பர் போட்டிருந்தார், பிழைத்தார். ரப்பர் காய்ந்தால் உண்மையிலேயே கரண்ட் போகாதா என்று அப்போதும் கேட்டார். ஒரு துண்டு ஷீட்டை எடுத்து மீட்டரில் வைத்துக் காட்டினேன், முள் அசையவில்லை. திருப்தியாகத் தலையாட்டியவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார். "என் பொஞ்சாதிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. அவளையும் ஒரு தரம் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்."

கிராணி வந்த ஞாயிறு

மறு ஞாயிறு புதிதாகச் செய்தோம். பாலை உரித்தால் செம்பெல்லாம் பச்சை. இந்த முறை மோட்டார் சைக்கிள் பேட்டரி, பன்னிரண்டு வோல்ட்; மெயின் கரண்ட் கூடத்துக்குள் வரவே கூடாது. நெருப்பும் ஈரமும் இருக்கும் இடத்தில் நீங்களும் அப்படியே செய்யுங்கள். சரோஜா அக்கா சொன்னபடி பலகையைக் கழுவிக் காயவைத்து வார்னிஷ் அடித்தோம்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை, நீங்களே கிராணியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். அண்ணன் அடுப்பில் இரண்டு கட்டையைத் தள்ளிவிட்டுப் போய், கிராணியைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

விளக்கிலிருந்து கரண்ட் எடுத்ததையும் அவர் விடாமல் சொன்னார். கிராணி பொரிந்து தள்ளினார். யாரைக் கேட்டுச் செய்தாய், மேனேஜருக்குத் தெரிந்தால் என் வேலையும் சேர்ந்து போகும், இதையெல்லாம் கழற்று, தெர்மாமீட்டர் எதற்கு இருக்கிறது, உனக்குக் கண் இல்லையா? அண்ணன் கைகட்டி நின்றார். என் பேர் எப்போது வரும் என்று நானும் நின்றேன். மூன்று பேரும் வெளியே நிற்க, அடுப்பைப் பார்க்க உள்ளே யாருமே இல்லை. அப்போது மணி அடித்தது.

கிராணி கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். அறுபதைத் தாண்டியிருந்தது. மணியைப் பார்த்தார். கழற்றச் சொன்னதைத் திரும்பச் சொல்வார் என்று காத்திருந்தோம். "மணி அடிக்குது, நீ என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நிக்கிற. போய் நெருப்பப் பாருய்யா."

வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் செய்கிற உங்களுக்கு என்னிடம் மிஞ்சிய அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: படித்தவன் சொன்னான் என்பதற்காக எதையும் நம்பிப் பிளக்கைச் சொருகாதீர்கள், இந்தக் கட்டுரை உட்பட.