மாமனாரின் கழுத்தும் என் மகளின் கழுத்தும்

என் மாமனார் மாதா கோவில் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் அவர்தான் ஜெபம் நடத்துவார். நடுநடுவே கழுத்தை வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி, தொண்டையிலிருந்து "க்ஹும்" என்று ஒரு சத்தம் விடுவார். செஞ்சிக் கடைத்தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் பீடியை மறைத்துக்கொள்கிற ஆட்கள் இருந்தார்கள். உபதேசியாருடைய தோரணையே தனி என்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஏழு வயதான என் மகளுக்கு அதே வெட்டும் அதே சத்தமும் வந்தன. அவளைப் பேய் பிடித்தவள் என்றார்கள்.

முதலில் கண் சிமிட்டல்தான் இருந்தது. பிறகு கழுத்து, அதற்குப் பிறகு தொண்டை. பூசை நேரத்தில் பிள்ளை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். முடியாமல் ஒன்று வெடித்தால் கூடவே நாலைந்து வெடிக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளை வராந்தாவில் உட்கார வைத்தார். நான் போய்க் கேட்டேன்.

"கொஞ்ச நேரம் அடக்குறா இல்ல? அப்ப இது கொழுப்புதானே?" என்றார்.

தும்மலைக்கூடத்தான் கொஞ்ச நேரம் அடக்கலாம்.

வீட்டில் மாமியாருக்கு ஒரே பேச்சு. "எங்க வம்சத்துல இந்த மாதிரி ஒருத்தருக்கும் கெடையாது. இது ஒன் ஊட்டு ரத்தம்."

அவர் இதைச் சொல்லும்போது பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரின் கழுத்து வெட்டியது. "க்ஹும்." யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் புருஷன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து திரும்பினேன். வாசலிலேயே மிளகாய் நெடி மூக்கைத் துளைத்தது. பேயோட்டுகிற ஆள் ஒருவனை மாமியார் வரவழைத்திருந்தார். அவன் என் மகளின் பின்கழுத்தைப் பிடித்து, புகைகிற சட்டிக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தான். சட்டியைக் காலால் எட்டி உதைத்தேன். பிள்ளைக்கு மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

மறுநாள் காலை பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். புருஷனுக்கு லீவு இல்லையாம். பொம்பளை தனியாகப் போகக் கூடாது என்று மாமனாரைத் துணைக்கு அனுப்பினார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைவிட அதிக நேரம் மாமனாரைப் பார்த்தார்.

"பெரியவரே, உங்களுக்கு இது எத்தனை வருஷமா இருக்கு?"

"எனக்கா? எனக்கு இன்னா இருக்குது?" கேட்கும்போதே கழுத்து வெட்டியது.

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க அப்பாவுக்கு இருந்துச்சா?"

மாமனார் தரையைப் பார்த்தார். "நைனாவுக்குத் தோள் குலுங்கும். ஏர் ஓட்டும்போது மாடு மெரளும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கும் சின்னதுல ரொம்ப இருந்துச்சி. வாத்தியாரு தலை அசையக் கூடாதுன்னு கழுத்தோட கட்டைய வெச்சிக் கட்டுவாரு."

டாக்டர் இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். "இது பேயும் இல்ல, கொழுப்பும் இல்ல. மூளை சம்பந்தப்பட்டது. குடும்பத்துல வழிவழியா வரும். ஒருத்தருக்குக் கொஞ்சமா இருக்கும், இன்னொருத்தருக்கு அதிகமா இருக்கும். யார் மேலயும் தப்பு இல்லம்மா."

திரும்பும் பஸ்ஸில் மகள் மாமனார் மடியில் தூங்கினாள். வீட்டுக்குப் போனதும் இந்த மனுஷன் வாயைத் திறப்பார் என்று நம்பி வந்தேன்.

"இன்னா சொன்னாங்க?" என்றார் மாமியார்.

"நரம்புத் தளர்ச்சியாம். மாத்திரை குடுத்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு மாமனார் துண்டை உதறிக்கொண்டு உள்ளே நடந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா, டாக்டர்கிட்ட சொன்னத இங்கயும் சொல்லிட்டுப் போங்க."

"வாய மூடு," என்றார் புருஷன்.

நான் மூடவில்லை. மாடு மிரண்டது, கழுத்தில் கட்டை கட்டியது, எல்லாவற்றையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். மாமனார் நிற்காமல் உள்ளே போய்விட்டார். மாமியார்தான் பதில் சொன்னார்.

"அவருக்கு அது பழக்கம்டி. ஆம்பளைக்கு ஆயிரம் பழக்கம் இருக்கும்."

மாமியார் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு பேயோட்டுகிறவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மாத்திரை போட்டால் மகள் வகுப்பில் தூங்கி விழுந்தாள். டாக்டரே குறைத்து நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் நடையாய் நடந்து அவளை மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தேன். வளர வளர அந்த வெட்டு தானாகக் குறைந்தது. இப்போது அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அலுப்பாக இருக்கும் நாட்களில் மட்டும் கழுத்து வெட்டும்.

போன மாதம் வந்தபோது, தான் படித்ததைச் சொன்னாள். இதற்கு ஒற்றை ஜீன் காரணம் இல்லையாம், பல ஜீன்கள் சேர்ந்து செய்கிறதாம், முழுசாக இன்னும் யாருக்கும் பிடிபடவில்லையாம். அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும்.

"ஒன் பக்கத்துலேந்தும் கொஞ்சம் வந்திருக்கலாம்மா," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வந்திருக்கட்டும். முழுக்க என் ரத்தமாவே இருந்துட்டுப் போகட்டும். அப்படி இருந்தா, அவங்க ஒனக்குச் செஞ்சதெல்லாம் சரின்னு ஆயிடுமா?"

"கத்தாதம்மா, பக்கத்து வீட்ல கேக்கும்."

கேட்கட்டும் என்றேன்.