மலர்க்கொடி அக்கா பருத்தி வயலில் நாற்காலி போட்ட நாள்

மலர்க்கொடி அக்கா இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் தலையில் பிளாஸ்டிக் உறையைக் கட்டிக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். உறைக்குள் என் வழுக்கை. வழுக்கையின் மேல், ‘நானோ’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட, முடி வளர்க்கும் திரவம். இருபது நிமிடம் கழுவக் கூடாது என்று புட்டியில் எழுதியிருந்தது. என் மனைவி கதவைத் தட்டி, "என்னங்க, பாடாலூர் அக்கா தவறிட்டாங்களாம். காபி போட அடுப்படிக்குப் போனவங்க அப்படியே சாஞ்சுட்டாங்களாம்" என்றாள். கண் கலங்கியது. ஆனாலும் மீதமிருந்த பதினொரு நிமிடத்தையும் உட்கார்ந்து கழித்த பிறகுதான் எழுந்தேன். இதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுதினால், எழுதியவனையே அவர் சந்தேகப்படுவார். உயிரோடு இருந்தபோதும் அதைத்தான் செய்தார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆலத்தியூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் மருந்தாளுநர். நான் எட்டு வருடம் அங்கே எழுத்தர். இனிப்புப் பெட்டி வந்தால் முதலில் அடியைத் திருப்பிக் காலாவதித் தேதி பார்ப்பார். டீக்கடைப் பையன் கொண்டுவரும் டீயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். தொண்டைக்கு வைத்திருந்த மிட்டாய் மாத்திரை குறைகிறது என்று என்னைச் சந்தேகப்பட்டார். அது நான்தான். ஆனால் ஆதாரம் இல்லாமல் எப்படிச் சொல்லலாம் என்று அன்று பெரிதாகக் கோபித்துக்கொண்டேன்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரம் எங்கள் நிலையம். மேசையைக் காலையில் துடைத்தால் மத்தியானம் அதில் விரலால் பெயர் எழுதலாம். இருமிக்கொண்டு வருகிறவர்களிடம் அக்கா சொல்வார்: "கண்ணுக்குத் தெரியிற தூசி தும்மலோட போயிடும். தெரியாதது இருக்கு பாருங்க, அதுதான் உள்ள போயி குடித்தனம் நடத்தும்." இதை அவர் எந்த மாநாட்டிலும் கேட்டு வரவில்லை. முப்பது வருடம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று இருமல் மருந்து ஊற்றியதில் தெரிந்துகொண்டது.

ஒருமுறை ஒரு நன்கொடையாளர் பெட்டி பெட்டியாகக் கைகழுவும் திரவம் கொண்டுவந்து இறக்கினார். அதில் நானோ வெள்ளி, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித்த வெள்ளி, கலந்திருக்கிறதாம். அக்கா பெட்டியைப் பிரிக்கவில்லை.

"சார், இந்த வெள்ளி தோல் வழியா உள்ள போவுமா?"

"வெள்ளி உடம்புக்கு நல்லதும்மா. நம்ம முன்னோர்களே பயன்படுத்தினதுதானே?"

"வெள்ளிக் கொலுச கால்ல போட்டுக்கலாம் சார். ரத்தத்துல போட்டுக்கலாமா? போனா எங்க தங்கும், எப்ப வெளிய வரும்? எழுதிக் குடுங்க, நான் குடுக்குறேன்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போட்டிக் கம்பெனியிடம் அக்கா ஏதோ வாங்கிவிட்டார் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சை டீக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நானும் ஒருவன். மிட்டாய் மாத்திரைக் கோபம் இன்னும் தீராமல் இருந்தது.

இனி பருத்தி வயலுக்கு வருகிறேன். அக்கா ஓய்வு பெற்றுப் பாடாலூரில் குடியேறினார். நான் பெரம்பலூருக்கு மாற்றலாகி வந்து, மாலை நேரத்தில் ஓர் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், பிளெக்ஸ் பேனர் எல்லாம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அங்கே ஒரு கம்பெனி ஆள் வந்தார். பயிருக்குத் தெளிக்கும் நானோ மருந்து ஒன்றை டிரோனில் தெளித்து வீடியோ எடுக்கப் போகிறார்களாம். கீழே பெண்கள் சிரித்தபடி களை எடுக்க வேண்டும், மேலே டிரோன் தெளிக்க வேண்டும்; பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பாதுகாப்பானது என்று புரியுமாம். அந்தப் பெண்களிடம் கையெழுத்து வாங்க ஒரு சம்மதப் படிவம் வேண்டும். "சட்டத் தமிழ் வேணாம் சார், பயந்துடுவாங்க. இனிமையா எழுதுங்க" என்றார். வயல் யாருடையது என்று கேட்டேன். பாடாலூரில் என் மனைவியின் அண்ணன் தங்கராசு மச்சானுடையது. அப்புறம் எனக்கு என்ன சந்தேகம்?

இனிமையாக எழுத எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வகைதான். ‘அன்புடையீர்’ என்று தொடங்கினேன். சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து விழாவைச் சிறப்பிக்கச் சொன்னேன். நடுவில் கம்பெனி கொடுத்த வரியை வைத்தேன்: தெளிக்கும்போது வயலில் இருக்கச் சம்மதிக்கிறேன், பிற்பாடு எந்தக் குறையும் கூறமாட்டேன். ஓரத்தில் அச்சகத்துக்காரர் குத்துவிளக்குப் படம் போட்டார். மங்களகரமாக இருந்தது. பதினோரு பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். ஆளுக்கு ஓர் எவர்சில்வர் தூக்கு கிடைத்தது.

அவர்களில் செல்லாயி என்பவர், கையில் கொடுத்த நகலை எடுத்துக்கொண்டு நேரே அக்காவிடம் போயிருக்கிறார். அச்சடித்த தாள் எதுவாக இருந்தாலும் அந்தத் தெருப் பெண்கள் அக்காவிடம்தான் காட்டுவார்கள். "யாரு வூட்டுக் கல்யாணம்னே தெரியலக்கா, ஆனா தூக்கு குடுத்தாங்க" என்றாராம். அக்கா இரண்டு வரி படித்ததும் எனக்குப் போன் செய்தார்.

"எழுத்தரே, குத்துவிளக்கு போட்டு குழி தோண்டுற தமிழ் உம்முதுதானே?"

"அக்கா, அது வந்து…"

"நாளைக்குக் காலைல மச்சான் வயலுக்கு வந்துடும்."

போனேன். பருத்திச் செடிகளுக்கு நடுவே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அக்கா, குடையோடு. கம்பெனி ஆள் முகத்துக்கு இரட்டைக் கவசம், கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு தூரத்து வேப்பமர நிழலில் நின்றிருந்தார். டிரோன் ஓட்டுபவர் வரதராஜன்பேட்டைக்காரர், ஜெயசீலன் என்று பெயர். ஆள் நடுவில் உட்கார்ந்திருந்தால் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். மச்சான் என்னைப் பார்த்ததும் பாய்ந்தார்.

"யோவ் மாப்ள, அந்தம்மாவ எழுந்திரிக்கச் சொல்லுய்யா. என் வயல்ல வந்து என்னையே மறிக்குது."

அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. "எழுத்தரே, நீர் எழுதுனத நீரே சத்தமாப் படியும். அலங்காரம் வேணாம், நடு வரி மட்டும்."

படித்தேன். குறை கூறமாட்டேன் என்ற இடம் வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கேக்கல" என்றார் அக்கா. மறுபடி படித்தேன். களை எடுத்துக்கொண்டிருந்த பதினோரு பேரும் நிமிர்ந்தார்கள். செல்லாயி கேட்டார்: "அப்ப எங்களுக்கு ஏதாச்சும் ஆனா யாருகிட்டப் போயி சொல்றது?"

கம்பெனி ஆள் நிழலிலிருந்தே கத்தினார். "மேடம், இது கெடுதல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கெடுதல்னு நான் சொல்லல தம்பி. எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன். சின்னதாக்கினா சில பொருளோட குணமே மாறிடும்னு மட்டும் படிச்சிருக்கேன். உங்களுக்கும் தெரியாது. தெரியாதவங்க இத்தன பேர்ல நீங்க மட்டும் ஏன் கவசம் மாட்டி நிழல்ல நிக்கிறீங்க?"

கையெழுத்திட்ட தாள்கள் திரும்பி வராமல் எழமாட்டேன் என்றார் அக்கா. வெயில் ஏறியது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பதினோரு தாள்களும் வந்தன. பெண்கள் வரப்புக்குப் போனார்கள், அக்கா நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனார். ஆளில்லாத வயலில் டிரோன் பறந்தது. ஆனால் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. சாரல் முகத்தில் விழுந்தது. மச்சான் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் தங்கை, அதாவது என் மனைவியும், இரண்டு வாரம் பேசவில்லை. இரண்டாவது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

அன்று மாலையே செல்லாயிக்கு இரண்டு கையிலும் அரிப்பு, தடிப்பு. அக்கா காற்றுத் திசை, நேரம், தடிப்பின் அளவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வேர்வையாலும் இருக்கலாம், பார்த்தீனியச் செடியாலும் இருக்கலாம் என்றார் டாக்டர். "இருக்கலாம் சார். இதாலயும் இருக்கலாம்ல?" என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்டார். தாள் திரும்பி வந்துவிட்டதால் செல்லாயி மனுக் கொடுக்க முடிந்தது. மருந்து டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, பரிசோதித்தது யார், வயலில் இருப்பவர்களிடம் யார் கேட்டார்கள் என்று மூன்றே கேள்வி. அலுவலகம் அலுவலகமாக அக்கா நடந்தார். பரிசீலனையில் உள்ளது என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னார்கள். அதையும் அவர் சந்தேகப்பட்டார். அவர் போகும் நாள்வரை பரிசீலனை முடியவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இரண்டு. ஒன்று, அந்த மனுக் கோப்பு. கருமாதியன்று செல்லாயி அதை என் கையில் திணித்து, "நீங்கதானே எழுதுனீங்க, நீங்களே முடிங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். இன்னொன்று ஒரு பழக்கம். யாருக்கு எதை எழுதிக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் வாய்விட்டு, கேட்கிற சத்தத்தில் படிக்கிறேன். அதற்குப் பிறகு அச்சகத்தில் எனக்கு வேலை குறைந்துவிட்டது.

கோப்போடு பந்தலை விட்டு வெளியே வந்தபோது ஜெயசீலன் நின்றிருந்தார். அஞ்சலிக்காக வரதராஜன்பேட்டையிலிருந்து வந்திருந்தார். கோப்பைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, அந்தம்மாகிட்ட சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், தைரியம் வரல. அன்னிக்கு டேங்க்ல மருந்து ஊத்தவே இல்லண்ணே. வீடியோவுக்குத்தானே, வெறும் போர்வெல் தண்ணியத்தான் புடிச்சு வுட்டேன்."